சொல்தா வீட்டு அடுப்பு

அம்மாவுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தியும் முடிந்து, ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் அண்ணன் மாறன் வாயைத் திறந்தான்.

"வீடு எனக்கு. படகும் எனக்கு. அது ஊரறிஞ்ச வழக்கம். தாமரைக்கு அந்த அடுப்பு."

பந்தலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். துக்க வீடு என்ற கூச்சம்கூட இல்லை. எங்கள் ஊர்த் தலைவர் கருப்பையன் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரிய மனிதர் அல்லவா.

எங்கள் மீனவக் குப்பத்தில் சொத்து பிரிக்கும்போது வாங்குகிறவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சம்மதம் சொல்ல வேண்டும். பிற்பாடு பேச்சு மாறக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. தலைவர் என் பக்கம் திரும்பி, "என்னம்மா தாமரைச்செல்வி, சம்மதமா?" என்றார். சம்மதம் என்றேன். "காது கேக்கலையே. கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. எழுந்து நின்று, "அடுப்பும் அதுல உள்ள அத்தனையும் எனக்கு. சம்மதம்!" என்று கத்தினேன்.

"சாம்பலையும் சேத்து எடுத்துக்க" என்றான் அண்ணன். அவன் படகில் வேலை பார்க்கும் செல்லையன் மாமா புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார்.

அந்த அடுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களைக் காரைக்காலில் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு சொல்தா வீட்டில் என் அம்மா குஞ்சம்மா சமையல் வேலை பார்த்தாள். அவர்கள் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனபோது, தூக்கிக்கொண்டு போக முடியாத ஒரே சாமானை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். இடுப்பு உயரத்துக்கு வார்ப்பிரும்பு. நாலு வளைந்த கால், முன்பக்கம் இரண்டு கதவு, ஒரு பக்கம் வெந்நீர்த் தொட்டி. நாலு ஆள் சேர்ந்தால்தான் அசையும். எங்கள் வீட்டில் அதில் ஒரு நாளும் யாரும் சமைத்ததில்லை. அடுப்புக்குள் அம்மா கருவாடு வைத்திருந்தாள். அந்தக் கதவைத் திறக்கிற பூனை இன்னும் பிறக்கவில்லை. வருஷா வருஷம் படகுக்கு அடித்த பெயின்ட் மிஞ்சினால் அண்ணன் அதை அடுப்புக்கும் அடித்து வைப்பான், உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று. பச்சை, அதன் மேல் நீலம், அதன் மேல் மறுபடி பச்சை.

எனக்கு அந்தச் சமயத்தில் வேண்டியிருந்தது ஒரு வண்டி. நான் மீன் விற்கிறவள். துறைமுகத்தில் ஏலம் எடுத்து, நெடுங்காட்டுக்கும் வரிச்சிக்குடிக்கும் கொண்டுபோய்த் தெருத்தெருவாக விற்பேன். கூடையைப் பார்த்தாலே பஸ்காரர் விசில் ஊதிவிடுவார். ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். நான் நெடுங்காடு போய்ச் சேருவதற்குள், எக்ஸெல் வண்டியில் ஐஸ் பெட்டி கட்டிய ஆம்பிளைகள் வந்து விற்றுவிட்டுப் போயிருப்பார்கள். பத்து வருஷம் என்னிடம் மீன் வாங்கியவர்கள், "இப்பதான் வாங்குனோம் தாமரை" என்று கதவைச் சாத்துகிறார்கள். இப்படியே போனால் அடுத்த பொங்கலுக்கு என் கூடை பரணுக்குப் போய்விடும். ஒரு பழைய எக்ஸெல் கிடைத்தால் போதும், அவர்களை நான் பார்த்துக்கொள்வேன்.

அதனால் அடுப்பை விற்பது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அம்மா நினைவு அது இது என்றெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. அம்மா உயிரோடு இருந்தால் அவளே தள்ளிவிட்டிருப்பாள், "வித்துட்டு வண்டி வாங்குடி" என்று.

நாலு ஆள் வைத்து அடுப்பை என் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டதும், பழைய இரும்புக் கடைக்காரர் வந்தார். காலால் ஒரு தட்டு தட்டினார். கிலோ இவ்வளவு என்றார். அந்தக் காசுக்கு வண்டியின் முன்சக்கரம்கூட வராது. "தூக்குகூலி உங்க பொறுப்பு" என்று வேறு சொன்னார். போய்ட்டு வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் முத்துக்குமரன் சாது. "குடுத்துடு தாமரை, இடத்தையாவது அடைக்காம இருக்கும்" என்றார். மீனாக இருந்தால் என்ன செய்வோம் என்று அவரிடம் கேட்டேன். முதலில் கேட்கிறவனுக்கா மீனைக் கொடுக்கிறோம்? இன்னொரு ஆளைக் கேட்க வைத்தால்தானே விலை தெரியும்? அவர் கைலியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

டவுனில் ஜொஹரா அக்கா பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். பழைய கட்டில், கண்ணாடி, சுவர்க்கடிகாரம் எல்லாம் வாங்கி, புதுச்சேரியில் ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு அனுப்புவார். வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் ஆட்டுக்கறி, மற்ற நாளில் நான் அவருக்கு மீன் கொடுப்பவள். ஒரு கிலோ கொடுவா மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். மறுநாளே ஆட்டோவில் வந்துவிட்டார்.

அடுப்பைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு மரக்குச்சியை எடுத்து, ஏதோ ஒரு எண்ணெயைத் தொட்டு, பின்பக்க மூலையில் மெதுவாகச் சுரண்டினார். பச்சை போனது. நீலம் போனது. இன்னொரு பச்சை போனது. அடியில் கருநீலப் பீங்கான் பூச்சு பளபளவென்று எட்டிப் பார்த்தது.

"யாரும்மா இதுக்குப் பெயின்ட் அடிச்சது?"

"எங்க அண்ணன்தான் அக்கா. கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போறதா? இந்த உப்புக்காத்துல பெயின்ட் அடிக்கலைன்னா இன்னேரம் உதுந்து போயிருக்கும். உங்க அண்ணன் கைக்கு மோதிரம் போடணும்."

அண்ணனுக்கு மோதிரம் போடுகிற நிலையில் நான் இல்லை. விலையைச் சொல்லுங்கள் என்றேன். அக்கா முன்பக்கம் வந்து, கதவுக்கு மேலே பெயின்ட் மூடியிருந்த இடத்தை விரலால் தடவினார். நாலு துளைகள் தட்டுப்பட்டன. நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பள்ளம்.

"இங்க ஒரு தகடு இருந்திருக்கு. செஞ்ச கம்பெனி பேரு, ஊரு, நம்பரு எல்லாம் அதுலதான் போட்டிருப்பான். அது எங்க?"

"தெரியலையே அக்கா."

"தேடும்மா. வாங்குறவன் அதத்தான் மொதல்ல கேப்பான். தகடு இல்லன்னா இருபதாயிரம், அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். தகடோட இருந்துச்சுன்னா ஒரு லட்சம் வரைக்கும் நான் பேசிப் பாப்பேன்."

அக்கா போனபிறகு அந்த நாலு துளைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முட்டை வடிவம். பித்தளை. எங்கேயோ பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஒன்றுக்கு யாரோ சந்தனம் வைக்கிறார்கள், பூ வைக்கிறார்கள். நினைவு வந்துவிட்டது. அண்ணன் படகு!

அம்மா பேரில் அண்ணன் அந்த ஃபைபர் படகு வாங்கியபோது, அதன் அணியத்தில், அதாவது முன்மூக்கில், ஒரு பித்தளைத் தகடு அடித்தான். அதில் வளைந்து வளைந்து என்னவோ எழுத்து. ஊரில் யாருக்கும் படிக்க வரவில்லை. படிக்க வராத எழுத்து என்பதாலேயே அது மந்திரத் தகடு ஆகிவிட்டது. முதல் நாள் வலையில் வஞ்சிரம் கொள்ளை கொள்ளையாக ஏறியதும், தகட்டின் மகிமை என்று ஊர் முழுக்கப் பேச்சு. புது இஞ்சின், புது வலை, அந்த வாரம் நல்ல நீரோட்டம், இதையெல்லாம் யாரும் பேசவில்லை. அன்று முதல் கடலுக்குப் போகும்போதெல்லாம் அதற்குச் சூடம் காட்டித்தான் படகைத் தள்ளுகிறார்கள். வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் வேறு. செல்லையன் மாமா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் படகில் ஏறியதை நான் பார்த்ததில்லை.

சந்தேகத்தோடு போய் நின்றால் என்னைக் கேலி செய்வார்கள். அதனால் ஒரு அட்டையை அடுப்பின் மேல் வைத்து அழுத்தி, நாலு துளையையும் ஆணியால் குத்தி எடுத்துக்கொண்டேன். மத்தியானம் படகு கரையில் கிடந்தது. ஆட்கள் யாரும் இல்லை. அணியத்துக்குப் போய் அட்டையைத் தகட்டின் மேல் வைத்தேன். குங்குமத்துக்கு நடுவே நாலு திருகாணியும் நாலு துளையில் கச்சிதமாக உட்கார்ந்தன.

அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அட்டையை அவன் இலைக்குப் பக்கத்தில் போட்டேன்.

"அடுப்புத் தகட்ட எப்பண்ணே கழட்டுன?"

அவன் கை குழம்பில் அப்படியே நின்றது. அண்ணி அஞ்சுகம் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"படகு எறக்குனப்ப" என்றான் மெதுவாக. "சும்மா கெடந்துச்சு, பித்தளையா இருக்கேன்னு எடுத்து அடிச்சேன். அதுக்கென்ன இப்ப?"

"அது எனக்கு வேணும்."

"ஒனக்குப் பைத்தியமா? அத எடுத்தா படகு படுத்துடும். ஆளு ஒருத்தன் கடலுக்கு வர மாட்டான்."

"அது என்னோட அடுப்புல உள்ளது. ஊருக்கு முன்னாடிதான சம்மதம் சொன்னேன்?"

"இத்துனூண்டு பித்தளைத் துண்டுக்கு இந்தக் குதி குதிக்கிற" என்றான். ஒரே வாயால் படகு படுத்துவிடும் என்கிறான், அதே வாயால் இத்துனூண்டு என்கிறான். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குழம்புச் சட்டியைத் தூக்கிப் போட்டிருப்பேன், அண்ணி முகத்துக்காக விட்டேன். நேராகத் தலைவர் வீட்டுக்குப் போய், பஞ்சாயத்து கூட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் இரண்டு நாளாக என்னிடம் பேசவே பயந்தார். "கூடப்பொறந்தவன் தாமரை" என்றார் கடைசியில். எனக்கும் அது உறுத்தாமல் இல்லை. சின்ன வயதில் அண்ணன் கடலுக்குப் போய்விட்டு வந்தால், எனக்கென்று தனியாக நண்டு எடுத்து வைத்திருப்பான். ஆனால் நண்டு கொடுத்த கைதான் அடுப்பையும் நீட்டியது. பஞ்சாயத்துக்குப் போவது என்று எடுத்த முடிவை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்கள் ஓரமாக நின்று கேட்பார்கள், பேசுவது குறைவு. நான் நடுவில் போய் நின்றேன். முந்தானை முடிச்சில் ஒரு சாமான் வைத்திருந்தேன்.

"சொல்லும்மா, என்ன பிராது?" என்றார் கருப்பையன்.

சொன்னேன். அட்டையைக் கையில் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அண்ணனிடம் நீட்டினார். தகடு அடுப்பிலிருந்து வந்ததுதான் என்று அவன் மறுக்கவில்லை.

"ஆனா தலைவரே, கேவலம் ஒரு பித்தளைத் துண்டு. இதுக்குப் போயி ஊரக் கூட்டுறா. கடையில இதவிடப் பெருசா ஒன்னு வாங்கித் தர்றேன், எடுத்துக்கட்டும்."

நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"புதுசா வாங்குறத படகுல அடிச்சிக்கண்ணே. கேவலமான துண்ட எனக்குக் கழட்டிக் குடு. இப்பவே போவோம், ஊரே கூட வரட்டும்."

அண்ணன் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தான், பிறகு செல்லையன் மாமாவைப் பார்த்தான். மாமா எழுந்தே விட்டார்.

"தலைவரே, மன்னிக்கணும். தகடு இல்லாத படகுல நான் காலெடுத்து வைக்க மாட்டேன். புள்ளகுட்டிக்காரன்."

"நானும்தான்" என்றான் இன்னொரு ஆளான மணிவேல்.

தலைவர் தலையைச் சொறிந்தார். கூட்டத்தில் யாரோ, "தகட்டுக்கு எடைக்கு எட காசு குடுத்து முடிச்சிடுங்கப்பா" என்றார்கள். அது யாருடைய குரல் என்று தெரிந்தாலும் நான் பெயர் சொல்ல மாட்டேன், அவர் இன்றைக்கு என்னிடம்தான் மீன் வாங்குகிறார். அவர் பக்கம் திரும்பினேன்.

"இரும்புக் கடைக்குப் போனா இஞ்சினையும்தான் எட போட்டு எடுப்பான். நீங்கள்லாம் இஞ்சின எடைக்காப் பாத்து வச்சிருக்கீங்க?"

சிலர் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. எனக்குத் தெம்பு வந்தது.

"நீலமேகம் மாமா, நீங்க சொல்லுங்க. போன வருசம் உங்க இஞ்சின அடுத்தவுக படகுக்கு எரவலாக் குடுத்தீங்க. இஞ்சின் பங்கு யாருக்கு வந்துச்சு?"

"எனக்குத்தான் வந்துச்சு. வேற யாருக்கு வரும்?" என்றார் நீலமேகம் மாமா.

"படகு அவுகளோடது, கடலுக்குப் போனது அவுக. ஆனா இஞ்சின் பங்கு உங்களுக்கு. ஏன்னா சாமான் யாரோடதோ பங்கு அவுகளுக்கு. அதான நம்ம ஊரு வழக்கம்? படகுக்குப் பங்கு இருக்கு, இஞ்சினுக்குப் பங்கு இருக்கு, வலைக்குப் பங்கு இருக்கு. அந்தத் தகடுதான் மீனக் கொண்டாருதுன்னு நான் சொல்லல, நீங்கதான் சொல்றீங்க. அது இல்லன்னா படகு நவுராதுங்குறீங்க. அப்ப வேல செய்யிற சாமானுக்குப் பங்கு எங்க?"

உண்மையைச் சொன்னால், அந்தத் தகட்டில் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது. சமையலறையில் கருவாட்டுக்குக் காவல் இருந்த சாமான் கடலில் மீனைக் கூப்பிடுமா? ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் அது இல்லை.

தலைவர் பெரியவர்களோடு தலையோடு தலை வைத்துப் பேசினார். பிறகு நிமிர்ந்து, "மாறா, ரெண்டுல ஒன்னு சொல்லு. தகட்டக் கழட்டித் தங்கச்சி கையில குடுத்துடு. இல்லன்னா தகடு படகுல இருக்குற வரைக்கும் அவளுக்கு அரைப் பங்கு. பழைய கணக்கு ஒன்னும் வேணாம், இனிமேப்பட்டு" என்றார்.

அண்ணன் ஸ்க்ரூடிரைவரை உருட்டிக்கொண்டே இருந்தான். அவன் கடைசி வரைக்கும் என்னைப் பார்க்கவில்லை. "இருக்கட்டும்" என்றான். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். நான் ஜெயித்துவிட்டேன் என்று பெண்கள் கையைப் பிடித்தார்கள். நான் குனிந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் ஜொஹரா அக்காவுக்குப் போன் போட்டு, அடுப்பை விற்கவில்லை என்றேன்.

"ஏம்மா? இருபதாயிரம் கொறச்சலா இருக்கா? கூட ரெண்டு போட்டுத் தர்றேன்."

"விலைக்காக இல்ல அக்கா. தகட்டுக்கு அரைப் பங்கு வரும், அதுல வண்டிக்குத் தவணை கட்டிக்குவேன். தகடு படகுல இருக்கு. அது என்னோடதுங்குறதுக்கு அத்தாட்சி அந்த நாலு ஓட்டைதான். அடுப்பு போயிட்டா நாளைக்கு அண்ணன் புள்ளைங்க வந்து யாரு நீன்னு கேப்பாங்க."

அக்கா, "வெவரந்தாம்மா நீ" என்று சிரித்துவிட்டு, கொடுவா வந்தால் எடுத்து வைக்கச் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் துறைமுகத்து ஏலக்கூடத்தில் பங்கு பிரித்தார்கள். டீசலுக்கும் ஐஸுக்கும் கழித்துவிட்டு, மிச்சத்தை அண்ணன் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் அவன் ஆட்கள். எந்தப் பெண்ணும் அந்த வட்டத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் போய் செல்லையன் மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா நகர்ந்து இடம் விட்டார்.

அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே பிரித்தான். "படகுக்கு ஒன்னு. இஞ்சினுக்கு ஒன்னு. வலைக்கு ஒன்னு." பிறகு ஆட்களுக்கு. கடைசியில் என் பக்கம் ஒரு சின்ன நோட்டுக்கட்டைத் தள்ளி, வாய்க்குள்ளேயே என்னவோ முனகினான்.

நான் எடுக்கவில்லை.

"காது கேக்கலண்ணே. கொஞ்சம் சத்தமா சொல்லு."

அண்ணன் நிமிர்ந்தான். பஞ்சாயத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தான். முதலில் கண்ணில் கோபம்தான் இருந்தது. அப்புறம் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்குகிறான் என்று எனக்குத் தெரியும், அவனோடு வளர்ந்தவள் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏலக்கூடத்தின் அந்தக் கோடி வரை கேட்கிற மாதிரி கத்தினான்.

"சொல்தா வீட்டு அடுப்புக்கு அரைப் பங்கு!"

மீன் அள்ளிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"சம்மதம்" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.